மைக் நம் பக்கம் திரும்பும் இடம்

சா முயோலின் புதுப் பாட்டு மாலை ஆறு மணிக்கு வெளியானது. அட்டைப்படம் முழுக்க மஞ்சள். மேடையில் கறுப்பைத் தவிர வேறு நிறமே உடுத்தியிராத அந்த ராக் பாடகர், வெண்ணெய் நிற ஸ்வெட்டரில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சிரித்தார். பாட்டின் பெயரும் ‘எலுமிச்சை ஞாயிறு’தான். கிட்டார் பக்கத்து வீட்டில் யாரோ வாசிப்பதுபோலக் கேட்டது.

நான் மூன்றாம் தடவை கேட்டுக்கொண்டிருந்தபோது ஓக்ஜு போன் செய்தாள்.

“பற்பசை விளம்பரம் மாதிரி இருக்குடி. உங்க பல் கிளினிக்ல போடச் சொல்லு. பேஷன்ட்டுங்க வாயைத் திறப்பாங்க.”

“எனக்குப் பிடிச்சிருக்கு.”

“பொய். அண்ணன் இருமினாக்கூட உனக்குப் பிடிக்கும்.”

சா முயோல் எங்களுக்கு எப்போதும் அண்ணன்தான். பள்ளி நாட்களிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் அவர் கச்சேரி எதையும் விட்டதில்லை. போன வருடம் ஓக்ஜு கணவனோடு சுன்சியோனுக்குக் குடிபோனாள். அதற்குப் பிறகு நடந்த ஒரே கச்சேரிக்கு நான் டிக்கெட் வாங்கினேன், போகவில்லை.

“நாளைக்கு டிவி நிகழ்ச்சிக்குக் காலையிலேயே ரெக்கார்டிங். ரசிகர்களைக் கூப்பிட்டிருக்காங்க. நான் லீவு போட்டுட்டேன்” என்றேன்.

“அந்தப் பொடிப்பசங்க நிகழ்ச்சிக்கா? அங்க நடுநடுவுல பேரைச் சொல்லிக் கத்தணும், தெரியுமில்ல? எங்க கத்தணும்னு ஒரு தாள் போட்டிருக்காங்க, பாத்தியா? நாற்பத்தஞ்சு வயசுல, ‘சா! மு! யோல்!’னு. வெக்கக்கேடு.”

“கத்தினா என்ன?”

அவள் குரலை இறக்கிக்கொண்டு, “ஹேரான், அவர் மைக்கை நீட்டுவார்டி. முதல் பல்லவியில. பழக்கம் விடாது. அந்தப் பாட்டு ஒருத்தருக்கும் தெரியாது. மைக்கை நீட்டிட்டு அப்படியே நிப்பார். அதை என்னால பார்க்க முடியாது” என்றாள்.

அவர் கச்சேரிகளில் முதல் பல்லவியை அவர் பாடுவதே இல்லை. மைக்கை எங்கள் பக்கம் திருப்பிவிட்டுக் கண்களை மூடிக்கொள்வார். நாங்கள்தான் பாடுவோம், ஆயிரக்கணக்கான பேர். ஓக்ஜுவின் குரல் எனக்கு இந்தப் பக்கக் காதில் விழும். அது பெரிய குரல். என் குரலை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

முதல் ரயிலில் போகும்போது பல்லவியை மனப்பாடம் செய்தேன். ‘நீ வந்தால் ஞாயிறு, போனால் திங்கள்.’ அவ்வளவுதான், அதுவே திரும்பத் திரும்ப வந்தது. எதிர் இருக்கையில் தூங்கியவரின் தலை கண்ணாடியில் முட்டி முட்டித் தாளம் போட்டது.

தொலைக்காட்சி நிலையத்தின் வெளியே வரிசைகள் தெருவின் திருப்பம் வரைக்கும் நீண்டிருந்தன. எல்லாம் மற்ற பாடகர்களுக்காக வந்த பள்ளிக்கூட வயதுப் பெண்கள், கைகளில் விளக்குக் கோல்கள். எங்கள் வரிசை ஒரு கம்பத்தின் நிழலுக்குள் அடங்கிவிட்டது. கறுப்புச் சட்டையில் ஏழெட்டுப் பேர், யாருடைய முகமும் எனக்குத் தெரிந்ததாக இல்லை. ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவும் இல்லை.

பெயர்களைச் சரிபார்க்க வந்த பெண் எங்கள் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

“இவ்வளவு பேர்தானா? மத்தவங்க வந்துட்டிருக்காங்களா?”

“மத்தவங்க வேலைக்குப் போயிருக்காங்கம்மா” என்றார் ஒரு வழுக்கைத் தலைக்காரர்.

அவள் சங்கடத்தோடு பெரிய அட்டைப்பெட்டியைத் திறந்தாள். வந்தவர்களுக்குச் சாப்பிட அண்ணன் கொடுத்தனுப்பிய கிம்பாப் சோற்றுச் சுருள் பொட்டலங்கள், மேலே மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது. “ஆளுக்கு நாலஞ்சு எடுத்துக்கோங்க, ப்ளீஸ். மீந்தா அவர் கண்ணுல படும்.” எல்லோரும் பைகளில் திணித்துக்கொண்டோம். ஒரு திருட்டைச் சேர்ந்து செய்வதுபோல இருந்தது.

உள்ளே மேடையில் பிளாஸ்டிக் எலுமிச்சை மரங்கள் இருந்தன. அதே ஸ்வெட்டரில் அண்ணன் வந்தார். இவ்வளவு பக்கத்தில் நான் அவரைப் பார்த்ததில்லை. காதோர நரையை மறைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னால் இருந்த வெற்றுத் தரையைப் பார்த்தார், குனிந்து வணங்கினார்.

இசை தொடங்கியது. பேரைக் கத்த வேண்டிய முதல் இடத்தில் யாரோ இருமினார்கள். நானும் கத்தவில்லை. வாய் ஒட்டிக்கொண்டது. பல்லவி நெருங்கியபோது அவர் கை உயர்வதைப் பார்த்தேன். மைக் எங்கள் பக்கம் திரும்பியது. கண்களை மூடிக்கொண்டார்.

தாளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. வழுக்கைத் தலைக்காரர் தன் காலணிகளைப் பார்த்தார். அண்ணனின் இமைகள் மெல்லத் துடித்தன. இன்னும் ஒரு நொடியில் அவர் கண்ணைத் திறந்துவிடுவார் என்று தோன்றியது.

நான் பாடினேன். நீ வந்தால் ஞாயிறு. வெளியே வந்தது மெல்லிய, கொஞ்சம் மூக்கடைத்த குரல். ஒரு கணம் யாருடையது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. போனால் திங்கள். இரண்டாம் வரியில் சுருதி விலகியது. நிறுத்தவில்லை, பல்லவி முடியும்வரை பாடினேன்.

அவர் கண்ணைத் திறந்து, குரல் வந்த இடத்தைத் தேடினார். அதற்குள் இசை நின்றது. ஒலிபெருக்கியில் இயக்குநர், “மறுபடி போலாம் சார். மைக்கை நீங்களே வச்சுக்கோங்க” என்றார்.

“மன்னிச்சுக்கோங்க” என்றார் அண்ணன், எங்கள் பக்கம் திரும்பி. “இங்க நான்தான் பாடணுமாம்.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் தடவை எல்லாம் சரியாக நடந்தது.

சாயங்காலம் வீட்டில் ஆறிப்போன கிம்பாப்பைச் சாப்பிட்டுக்கொண்டே நிகழ்ச்சியைப் பார்த்தேன். மூன்று நிமிடம். அழகாகத்தான் இருந்தது. எங்களை ஒரு தடவையும் காட்டவில்லை. இரண்டாவது பொட்டலத்தின் ரிப்பனை அவிழ்க்கும்போது போன் அடித்தது.

“கை ஒரு இன்ச் நகர்ந்துச்சு, பாத்தியா? பல்லவியில. உடனே இழுத்துக்கிட்டார்” என்றாள் ஓக்ஜு.

“பார்க்க முடியாதுன்னு சொன்ன?”

“டிவி அதுவா ஓடிட்டிருந்துச்சு.” மூக்கை உறிஞ்சினாள். “நீட்டாமலே விட்டுட்டார் பாரு. யாரும் பாட மாட்டாங்கன்னு அவருக்கே தெரிஞ்சுபோச்சு.”

“நீட்டினார்டி. முதல் தடவை எடுத்தப்போ. அதைப் போடல.”

“ஐயோ. அப்புறம்?”

“பாடினேன்.”

“யாரெல்லாம்?”

“நான்.”

அந்தப் பக்கம் தொலைக்காட்சியின் சத்தம் நின்றது.

“எங்க, பாடு” என்றாள்.

“இப்பவா? வாயில சோறுடி.”

“முழுங்கிட்டுப் பாடு.”

விழுங்கினேன். சமையலறையில் குளிர்பெட்டி மட்டும் முனகிக்கொண்டிருந்தது. காலையில் பாடியதைவிட மோசமாகப் பாடினேன். ‘போனால் திங்கள்’ என்று முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில், தாளில் போட்டிருந்த அதே இடத்தில், சுன்சியோனிலிருந்து அந்தப் பெரிய குரல் என் காதுக்குள் கத்தியது.

“சா! மு! யோல்!”