புறா டப்பா

புத்தகக்காரர் காபியில் முக்கிய பிஸ்கட் பாதியில் ஒடிந்து உள்ளே விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. கண்ணை அண்ணன் முகத்தைவிட்டு எடுத்தால்தானே. மடியில் பட்டியல். அண்ணன் எடிட்டிங் செய்த அறுபத்தோரு படங்கள், வருஷவாரியாக. இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவள் நான். அண்ணனுக்குத் தன் படங்களில் பாதிக்குப் பெயர்கூட ஞாபகமில்லை. அவனைப் பற்றி இவர் எழுதுகிற புத்தகத்தின் கடைசியில் இந்தப் பட்டியல் வரப்போகிறது.

"இத்தனை வகைப் படங்களை ஒரே ஆள் தொட்டிருக்கிறது அபூர்வம் சார்," என்றார் புத்தகக்காரர்.

தொட்டது என்னவோ நிஜம். பேய்ப்படம் பதினொன்று. அதில் ஒன்பதில் ஒரே கதவுதான் தானாகத் திறக்கும். பக்திப்படம் ஆறு. பாம்புப்படம் ஒன்று, அது எப்படியோ ஓடிவிட்டதால் இரண்டாம் பாகம் ஒன்று. மாமியார் அழுகிற படம், மருமகள் அழுகிற படம், இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுகிற படம். கார்கள் வெடிக்கிற படங்களை எண்ணி மாளாது. அண்ணனுக்கு எல்லாம் ஒன்றுதான். கதையே கேட்க மாட்டான். "கதை தெரிஞ்சா கை ஓடாது சார்," என்று இப்போதும் சொன்னான். புத்தகக்காரர் அதை அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார். கண்றாவி.

எங்கள் எடிட்டிங் அறையில் மிச்சத்துண்டு டப்பாக்கள் என்று ஒரு வரிசை இருந்தது. எந்தப் படத்துக்கோ எடுத்து மிஞ்சின ஷாட்டுகள். இடி ஒரு டப்பா, கடலலை ஒரு டப்பா, புறா ஒரு டப்பா. ஒரு கூரையிலிருந்து நாற்பது புறாக்கள் படபடவென்று எழும்பிப் பறக்கும், பதினோரு வினாடி. ஒரு காட்சியை எப்படி முடிப்பது என்று தெரியாவிட்டால் அண்ணன் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டுவான். நான் புறா டப்பாவை எடுத்துக் கொடுப்பேன். ஃபிலிம் கழுவுகிற லேபில் ஒரு பிரதி போட்டு வாங்கி ஒட்டிவிடுவான். காதல் கைகூடினால் புறா. வில்லன் செத்தால் புறா. சாமி காட்சி கொடுத்தால் புறா. பேய் பழிவாங்கி முடித்து நிம்மதியாகக் கிளம்பினாலும் அதே நாற்பது புறா. தியேட்டரில் புறாவைப் பார்த்ததுமே எங்கள் அண்ணி காலால் துழாவிச் செருப்பை மாட்டிக்கொள்வாள். படம் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். இந்தக் கூத்துக்கெல்லாம் டப்பாவை எடுத்துக் கொடுத்த கை என்னுடையதுதான், இல்லையென்று சொல்லவில்லை.

இந்தப் புறாவுக்குப் புத்தகக்காரர் ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். 'விடுதலையின் குறியீடு' என்று தலைப்பாம். போன தடவை வந்தபோது வாசித்துக் காட்டினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, எல்லாம் யோசித்துத்தான் செய்தேன் என்கிற மாதிரி தலையாட்டினான். நான் அடுப்படிக்குப் போய்த் தலையில் அடித்துக்கொண்டேன்.

பட்டியலில் முப்பத்தெட்டாவது, ஒரு லிஃப்ட்காரரைப் பற்றிய படம். சின்னப் படம். ஒரு பாட்டு கிடையாது, ஒரு கார் வெடிக்காது. அதை ஒப்புக்கொண்ட அதே மாதம் அண்ணன் பெரிய ஹீரோ ஒருத்தரின் சண்டைப் படத்துக்கும் சரி என்றுவிட்டான். "சின்னப் படம்தானே பாப்பா, நீயே ஒட்டி முடிச்சிரு," என்று சொல்லிவிட்டு ஹீரோ பின்னாலேயே ஊர் ஊராகப் போய்விட்டான். நாலு மாதம் அந்த அறையில் நான் தனியாக உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் ஆசையோடு வேலைக்குப் போன நாலு மாதம் அதுதான். டைட்டிலில் அண்ணன் பெயர் வந்தது. ஒப்பந்தம் அவன் பேரில். "அடுத்த படத்துல உன் பேரையும் போட்டுரலாம்," என்றான். அடுத்தது பாம்பு, இரண்டாம் பாகம். அதில்கூடப் போடவில்லை. லிஃப்ட் படத்து டைரக்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி இதைத் தெரிந்தவர்கள் அண்ணனும் நானும்தான்.

போன வாரம் வாய்விட்டுக் கேட்டேன். "அண்ணே, அறுபதும் உனக்கே இருக்கட்டும். அந்த ஒண்ணை மட்டும் நான் பண்ணினதுன்னு அவர்கிட்ட சொல்லிரு. அச்சுல வந்துரட்டும்."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு," என்றான், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணிதான், "இந்த வயசுல பேரை வச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற?" என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. இந்த வீட்டு மாடியறையில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். வருகிறவர்களிடம் அண்ணன் என்னை, "கூட ஒத்தாசைக்கு இருக்கா," என்றுதான் சொல்வான்.

இன்றைக்குக் கடைசிப் பேட்டி. இதன்பிறகு புத்தகம் அச்சுக்குப் போகிறது. புத்தகக்காரர் மேஜைமேல் இருந்த சின்ன ரெக்கார்டரை அண்ணன் பக்கமாக இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அதில் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

"சார், ஒரே ஒரு கேள்வி பாக்கி. இதுக்காகவே அந்த அத்தியாயத்தை முடிக்காம வச்சிருக்கேன். முப்பத்தெட்டாவது படம். உங்க படங்கள்லயே உச்சம்னா அதுதான். அதுல மட்டும் புறா இல்ல. ஏன் சார்?"

ஐம்பத்தெட்டு வயதில் பரீட்சை ரிசல்ட்டுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி கதவோரம் நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நின்றேன். சொல்லுடா, ஒரே ஒரு வார்த்தை சொல்லு என்று மனசுக்குள் அவனைக் கெஞ்சினேன்.

அண்ணன் விட்டத்தைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"அவன் முப்பது வருஷம் ஒரு பெட்டிக்குள்ள நின்னவன். கடைசி நாள்தான் மொட்டை மாடிக்கு ஏறுறான். முதல் தடவையா வானத்தைப் பாக்குறான். அந்த வானத்துல அவனைத் தவிர வேற யாரும் இருக்கக் கூடாது சார். ஒரு பறவைகூட."

புத்தகக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் காது இரண்டும் சுட்டது. அந்த வார்த்தைகள் என்னுடையவை. அன்றைக்கு அவன் ஊரிலிருந்து திரும்பி வந்து, முடிவில் ஏதோ குறைகிறது என்று குதித்தபோது நான் சொன்னது. அப்போது, "உனக்கு ஒரு மண்ணும் தெரியாது," என்றவன், இத்தனை வருஷம் அதை ஒரு எழுத்து பிசகாமல் வைத்திருந்து நாக்கு கூசாமல் எடுத்துவிடுகிறான்.

"பாப்பா, சாருக்குக் காபி ஆறிப்போச்சு பாரு," என்றான்.

நான் அடுப்படிக்குப் போகவில்லை. மாடிக்குப் போனேன். பீரோவின் அடித்தட்டில், பழைய போர்வைக்குக் கீழே கையை விட்டேன். இறங்கி வந்து, துருவேறின அந்தத் தகர டப்பாவைக் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுதான் சார் அந்தப் புறா."

"அட! ஒரிஜினலா?" புத்தகக்காரர் சின்னப்பிள்ளை போல எழுந்தே நின்றுவிட்டார். "இது இவ்வளவு நாள் எங்கம்மா இருந்துச்சு?"

"என் பீரோவுல. லிஃப்ட் படம் முடியிற வரைக்கும் அங்கதான் ஒளிச்சு வச்சேன். அப்புறம் அங்கயே தங்கிருச்சு."

அண்ணன் டப்பாவையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். முகம் சிவந்தது.

"அடிப்பாவி! நீயா எடுத்து வச்ச? கிளைமாக்ஸுல போடணும்னு நாலு நாள் தேடினேனே! லேப்காரன்தான் தொலைச்சுட்டான்னு அவனைப் போட்டு அந்தக் கிழி கிழிச்சேன்! அவன் அப்புறம் பழைய படம் ஒண்ணுலேருந்து வேற பிரதி போட்டுக் கொடுக்கிறதுக்குள்ள படமே ரிலீஸாயிருச்சு! கையில கிடைச்சிருந்தா அந்த மொட்டை மாடியில..."

அங்கே நின்றுவிட்டான். அடுப்படியில் அண்ணி பாத்திரத்தை வைக்கிற சத்தம்கூட நின்றது.

புத்தகக்காரர் மெதுவாக உட்கார்ந்தார். தான் எழுதி வைத்ததை ஒருமுறை பார்த்தார். பிறகு, இந்த வீட்டுக்கு ஏழு தடவை வந்து என் கையால் காபி குடித்தவர், முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். அவர் கை ரெக்கார்டர் மேல் போய் உட்கார்ந்தது. அதை அணைக்கவுமில்லை, நகர்த்தவுமில்லை. சிவப்புப் புள்ளி விரலிடுக்கில் தெரிந்தது.

எதையாவது செய்ய வேண்டுமே என்று அண்ணன் டப்பாவைத் திறந்தான். கெட்டுப்போன பழைய ஃபிலிமின் புளிச்ச வாடை குப்பென்று அடித்தது. சுருள் முழுக்க ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தான், ஒரு சாண் துண்டு கையோடு வந்தது. பழக்கதோஷம், அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். ஷாட்டின் தொடக்கம் அது. கூரைமேல் நாற்பது புறாவும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இன்னும் ஒன்றுகூட எழும்பவில்லை.