ஒன்பது நாள் பிந்திய குரல்

வேலை தேடி வெளிநாடு போய் இறங்கிய நாளிலிருந்து, பாய்லர்காரர் பேசியது ஒன்பது நாள் கழித்துத்தான் கேட்டது. பேசிய இடத்திலேயே, ஒரு வார்த்தை குறையாமல் கேட்கும். என்ன, ஒன்பது நாள் ஆகும், அவ்வளவுதான். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை, வெந்நீர் குடியுங்கள் என்றார். இவர் சொன்ன நன்றி, டாக்டர் வேறு யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டிருந்தபோது அந்த அறையில் கேட்டது.

மனுஷர் லேசுப்பட்டவர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே மில்லில் பாய்லரோடு குப்பை கொட்டியவர். நீராவியின் சீறலை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். மில்லை மூடியதும் அந்த நாட்டு மொழியை ஒரு வருஷம் உட்கார்ந்து படித்தார். தொண்ணூறு நாளுக்குள் வேலை கிடைத்தால் மனைவியையும் அழைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்பது அங்கே சட்டம். அவர் ராத்திரி ஷிப்டு, அந்தம்மா பகல் டியூட்டி நர்ஸ். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பேசியதில்லை. இனிமேலாவது பேசலாம் என்றுதான் இந்தப் பயணமே.

பதினோரு கம்பெனிகளில் நேர்காணல். எல்லா இடத்திலும் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எழுதிக் காட்டியிருக்கலாமே என்பீர்கள். காட்டினார். எழுத வருகிறது, பேச வரவில்லை என்று குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். போனிலும் அதே கூத்துதான். ஆனால் மனைவி கெட்டிக்காரி, இரண்டே வாரத்தில் பழகிவிட்டாள். இன்றைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, போன வாரக் கேள்விக்குப் பதிலை வாங்கிக்கொள்வாள். காய்ச்சல் என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்தபோது காய்ச்சல் விட்டே ஒரு வாரமாகியிருந்தது. அதற்கும் அழுதாள்.

எண்பத்தொன்றாம் நாள் பன்னிரண்டாவது கம்பெனி. பாய்லரை ஒட்டிய சின்ன அறையில் வைத்துக் கேட்டார்கள். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் தெரியவில்லை, என்ன செய்வாய்? இவர் நிதானமாகச் சொன்னார். மேலாளர் அந்த வாயையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, வேலையை உள்ளூர் ஆளுக்குக் கொடுத்தார்.

தொண்ணூறாம் நாள் காலை விமானம். அன்று மதியம் அந்தக் கம்பெனியில் நிஜமாகவே தண்ணீர் மட்டம் காணாமல் போனது. புது ஆள் பதறிப்போய்த் தண்ணீர்க் குழாயைத் திறக்கக் கை வைத்தான். காலி அறையிலிருந்து குரல் வந்தது: "தண்ணியத் தொறக்காதீங்க, வெடிச்சிடும். முதல்ல தீயை நிறுத்துங்க. தானா ஆறட்டும்." நிறுத்தினான். அன்று பதினாலு பேர் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

மேலாளர் ஆளைத் தேடினார். ஆள் வானத்தில் இருந்தார். குரல்தான் ஒன்பது நாள் பின்தங்கியதாயிற்றே, இன்னும் அங்கேயே இருந்தது. அதையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். குரலுக்கு விசா வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

இங்கே ஊரில் வீட்டு வாசலில் பெட்டியை வைத்துவிட்டு அவர் என்னவோ சொன்னார். அவள் சிரித்தபடி, "பரவாயில்ல, ஒன்பது நாள்தானே, வந்து கேட்டுக்கறேன்" என்றாள். லீவு போட்டுவிட்டு ஒன்பதாம் நாள் அதே வாசலில் உட்கார்ந்திருந்தாள். பத்தாம் நாளும் உட்கார்ந்திருந்தாள். பதினோராம் நாள் போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது என்று குரல் சொன்னது.

ஏழு வருஷமாகிறது. சம்பளம் மாதம் தவறாமல் வருகிறது. அவள் ராத்திரி டியூட்டிக்கு மாறிவிட்டதால் அவளுக்கும் இப்போது பகலில்தான் ஓய்வு, அவருக்கும் வேறு வேலையில்லை. இரண்டு பேரும் நாள் முழுக்கச் சேர்ந்தே இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போன் வந்தால் அவள் ஒரு மணி நேரம் பேசுவாள். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அவருக்கு முதல் வருஷம் பொறாமையாகக்கூட இருந்தது. சொந்தக் குரல்மேல் பொறாமைப்பட்டு ஆகப்போவதென்ன, விட்டுவிட்டார்.

"அவர் எப்படி இருக்கார்?" என்று குரல் விசாரிக்கும்.

"நல்லா இருக்கார். இளைச்சிட்டார். நீங்க எப்ப வருவீங்க?"

"லீவு கேட்டிருக்கேன். சீக்கிரம் வந்துடறேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பாள். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டுவார்.