போனைப் பிடித்திருந்தவள்

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. விமான நிலைய வாசலில் வேறு யாருக்காகவோ கால் கடுக்க நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவர், வேலைச் சட்டையோடு, மேல் பையில் டெஸ்டர் செருகியிருந்தார். வெளியே வருகிறவர்களையெல்லாம் இடுப்பு உயரத்திலேயே தேடிக்கொண்டிருந்தார். ஒரு பெண் தனியாகப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள். அவர் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தார். கொஞ்சம் கழித்து இருவரும் அசடு வழியச் சிரித்தார்கள். ஒரே மூக்கு, அண்ணன் தங்கை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டிவிடுகிற கதை. (வாசலில் 'அவர்' ஆக நின்றவர் கதைக்குள் 'அவன்' ஆகிவிடுகிறார். தங்கையின் பக்கத்தில் நின்று சொல்வதால் எனக்கு இந்த உரிமை.)

2

"விமானம் தரையைத் தொட்டபோது அவள் மனம் மட்டும் இன்னும்" — வேண்டாம், இதற்கு மேல் போனால் எனக்கே கொட்டாவி வரும்.

"பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த குற்ற உணர்ச்சி அவளை" — பொய். "போய்ட்டு வா, நாங்க என்ன பட்டினியா கெடந்துடுவோம்" என்று அவள் வீட்டுக்காரரே டிக்கெட் போட்டுக் கொடுத்தார். மடியில் யாரும் இல்லாமல் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒரு முழு டீயை ஆறுவதற்குள் குடித்தாள். இப்படி ஆரம்பித்தால் தேவலை.

முதலில் அவளை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கு வைத்திருந்தேன். கதை போகிற போக்கைப் பார்த்தால் அது ரொம்பத்தான் தோதாக இருக்கிறதே என்று வெட்கமாகி, அங்கிருந்து தூக்கி ஒரு பரிசோதனைக் கூடத்தில் போட்டேன். வருகிறவர்களுக்கு ரத்தம் எடுக்கிறாள். ஊசி இறங்கும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். (பாருங்கள், தப்பித்தேன் என்று நினைத்தால் அதே குழியில்தான் விழுந்திருக்கிறேன்.)

3

பேச்சு விட்டுப்போன அண்ணன் தங்கை இல்லை இவர்கள். ஞாயிறு தவறாமல் வீடியோ காலில் பேசுகிறார்கள். அதாவது, பிள்ளைகள் பேசுகிறார்கள். பெரியவன் விழுந்த பல்லைக் காட்டுவான், சின்னவள் ஆடிக் காட்டுவாள். போனைப் பிடித்திருப்பது அவள். கேமரா பிள்ளைகள் பக்கம் திரும்பியிருக்கும். பல வருஷமாக அண்ணன் அவள் குரலைக் கேட்டிருக்கிறான், எப்போதாவது விரல் நுனியைப் பார்த்திருக்கிறான். முகத்தைப் பார்க்கவில்லை.

அவளை அவன் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். அப்பாவும் அம்மாவும் அப்படித்தான். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனபின் அவன் வெளிநாடு கிளம்பினான்; அதற்கப்புறம் பிறந்த சின்னவளுக்கு அந்தப் பெயரும் போய்விட்டது. "பாப்பா, அம்மாகிட்ட போனைக் குடு" என்பான். அப்படியாக இவள் அண்ணனுக்கும் அம்மா ஆகிவிட்டாள். இந்த உலகத்தில் அவளைப் பாப்பா என்று கூப்பிட மிச்சம் இருப்பவன் அவன் ஒருவன்தான். நடுவில் பிள்ளைகள் இல்லாமல், ஒரே ஒருமுறை அவன் அப்படிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறாள். இதைப் போய் யாரிடம் சொல்வது? வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

4

டாக்ஸியில் ஏறியதும், "மாமா, இந்தப் பையை முன்னாடி வச்சிடு" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் பதிலுக்கு, "அம்மா ஏதாச்சும் சாப்டாச்சா?" என்றான். பிள்ளைகள் இல்லாத வண்டியில் இருவரும் பிள்ளைகளின் வாயால் பேசிக்கொண்டு போனார்கள்.

வீடு என்பது ஒரு ஹால், ஒரு சின்ன அறை, நடுவில் பலகைச் சுவர். ஒரே ஒரு நாற்காலி. அவளுக்கென்று வாங்கிய தட்டில் விலைச்சீட்டு கூடக் கிழிக்கவில்லை. அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு அவன் ஹாலில் படுத்துக்கொண்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவான். அவள் தெருத் தெருவாக நடந்தாள். சாலையைக் கடக்கும்போதெல்லாம் கை தானாகப் பக்கவாட்டில் நீண்டு, பிடிக்க எதுவும் இல்லாமல் திரும்பி வந்தது. இவ்வளவு தூரம் வந்து இப்படித் தனியாகத் திரிவதற்கு, வீட்டிலேயே மொட்டைமாடியில் போய் நின்றிருக்கலாமே என்று தோன்றியது.

ஒரு சாயங்காலம் துணிந்து ஆரம்பித்தாள். வேலையில் தன்னை சீனியர் ஆக்கிவிட்டார்கள் என்றாள்.

"அப்படியா?" என்றான் அவன், நிஜமான சந்தோஷத்தோடு. "பசங்களுக்குத் தெரியுமா?"

5

இந்த இடத்தில் எனக்கு அண்ணன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. இப்படியும் ஒரு கல் உண்டா? அவனுக்கு ஒரு ரகசியம் கொடுத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. குடிக்க வைத்துப் பார்த்தேன், எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவன் அவளுக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுக்கிறான். தோல் சீவி, விதை எடுத்து, பல் விழுந்த பையன் வாய்க்கு அளவாகப் பொடிப்பொடியாக. பாசம் வைக்காமல் இல்லை. வைத்துப் பழகிய அளவு அதுதான். அவள் அத்தனை துண்டையும் தின்றாள்.

6

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இந்தத் தடவை போனைப் பிடித்திருந்தது அண்ணன். அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்தியதும் அவனுக்கு உயிர் வந்துவிட்டது. பல்லை விசாரித்தான், ஆடச் சொன்னான். அவள் பக்கத்தில், ஜன்னல் கட்டையில் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, அம்மாவக் காட்டு" என்றாள் சின்னவள்.

அவன் கேமராவை அவள் பக்கம் திருப்பினான். திரையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எப்ப இவ்ளோ நரைச்சுது உனக்கு?"

கேட்டது திரையிடம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவள் பக்கம் தலை திரும்பவில்லை.

"ரொம்ப நாளாச்சு" என்றாள். அந்தப் பக்கம் பெரியவன் அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

7

முடிவுக்கு வந்தாக வேண்டும்.

(அ) லிஃப்ட் பாதியில் நின்றுவிடுகிறது, மாட்டிக்கொண்ட இருவரும் மனம்விட்டுப் பேசுகிறார்கள். நடக்காது. அவன் மெக்கானிக், பேச்சு தொடங்குவதற்குள் சரிசெய்துவிடுவான்.

(ஆ) திரும்பும் நாளில், விமான நிலையத்தில், பின்னாலிருந்து அவன் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, அவள் திரும்பி — இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால்தான் சந்தேகம்.

(இ) அதே ஞாயிறு சாயங்காலம். அவன் ஹாலில், நாற்காலியில். அவள் அறையில், கட்டிலில். நடுவில் அந்தப் பலகைச் சுவர். அவள் தன் போனை எடுத்து அண்ணனுக்கு வீடியோ கால் போடுகிறாள். இந்தத் தடவை கேமராவைத் தன் பக்கம் வைத்துக்கொள்கிறாள். எடுக்கும்வரை திரையில் அவள் முகம்தான் அவளுக்குத் தெரிகிறது. நரையை ஒதுக்கிவிடக் கை போகிறது, அப்புறம் இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடிப்பது அவளுக்கு நன்றாகக் கேட்கிறது.

அவனை எடுக்க வைத்து, அந்த ஒரு சொல்லை அவன் வாயில் வைத்துவிட எனக்கு ஒரு வரி போதும். ஆனால் அப்போது கூப்பிட்டது நானாக இருக்கும். அவளுக்கு நான் யார்?

ஹாலில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்கிறது. போனை எடுக்கவா, எழுந்து கதவுப் பக்கம் வரவா, தெரியவில்லை. உங்களுக்கும் கூடப் பிறந்தவர்கள் யாராவது இருப்பார்கள். இனி நீங்கள் பாருங்கள். மணி இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.