யாமினிக்கு ஊட்டாத கதை

1

இந்தக் கதை திருச்சானூர் ஷேர் ஆட்டோவில் கிடைத்தது. எதிரே ஓர் அம்மா, பத்து வயது மகளின் வாயருகே இட்லித் துண்டை நீட்டியபடியே திருப்பதி வரை வந்தார். மகள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். இறங்கும்போதும் இட்லி அந்தக் கையிலேயே இருந்தது. அம்மாவுக்கு ஷோபா, மகளுக்கு யாமினி என்று நானே பெயர் வைத்து, நகரியில் ஒரு வீடும் கொடுத்தேன்.

2

“யாமினிக்கு எந்தச் சாப்பாடுமே பிடிக்காது. அவள்…”

(அடித்துவிட்டேன். பொய். பள்ளிக்கூடத்தில் தோழியின் டப்பாவைக் காலி செய்வதே அவள்தான்.)

மறுபடியும்:

“ஒரே வாய் துன்னும்மா. நைனாவும் பாத்துக்கினு கீறாரு.”

“எல்லாரும் என் வாயவே பாத்துக்கினு இருந்தா எப்பிடிம்மா துன்றது?”

இதை நான் யோசித்து எழுதவில்லை. அவளாகவே சொல்லிவிட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியும் ஷோபாவுக்குப் பயம் போகவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தாலே அவளும் அப்பா எத்திராஜும் யாமினியின் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

3

இங்கே என் வீடு கேட்காமல் உள்ளே நுழைகிறது. பங்காருபாளையத்தில், கருவாட்டுக் குழம்பு தீர்ந்ததும் அம்மா சட்டியிலேயே சோற்றைப் போட்டு வழித்துப் பிசைவார். எங்களுக்காக இல்லை, தனக்காக. முதல் உருண்டை அவர் வாய்க்குப் போவதற்குள் எங்கள் கைகள் நீண்டுவிடும்.

“அடியே, எனக்குக் கொஞ்சம் உடுங்கடி!”

(அதற்காகவே ஒரு பிடி அரிசி கூடப் போட்டிருப்பார் என்பது வேறு விஷயம்.)

சாப்பிடு என்று அம்மா சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தச் சட்டிக்கு இன்றும் ஏங்குகிறேன்.

4

முடிவுகள்.

யாமினி ஓடிவந்து தட்டைக் காலி செய்கிறாள். எல்லோரும் சிரித்… (சகிக்கவில்லை.)

ஷோபா அதட்டுகிறாள். யாமினி அழுதுகொண்டே விழுங்… (வேண்டாம்.)

இரண்டிலும் அவள் வாயில் திணிப்பது நான்தான்.

5

ஆகவே அம்மாவின் சட்டியை ஷோபாவிடம் கொடுத்துவிட்டேன். அவள் தரையில் உட்கார்ந்து, வழித்துப் பிசைந்து, தானே சாப்பிடுகிறாள். மகளைக் கூப்பிடவில்லை.

“இன்னாம்மா துன்ற?”

“சட்டி சோறு.”

உனக்கு வேணுமா என்ற கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது. அதை உருண்டையோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். யாமினி மெல்ல வந்து பக்கத்தில் உட்காருகிறாள்.

அவள் கையை நீட்டினாளா என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். அவள் வாயையே பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.