சிறு ஒழுங்குபடுத்தல்

ஊருக்கெல்லாம் இலவசமாகக் கிடைக்கிற விவரங்களைச் சேமித்து வைக்கும் ஒரு டேட்டாபேஸ் சர்வர் மென்பொருளை, சல்லிக்காசு வாங்காமல் பராமரிக்கிற நாலைந்து பேரில் அவனும் ஒருவன். ஓப்பன் சோர்ஸ். அதாவது நிரலை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம். யோக்கியனும் படிக்கலாம், திருடனும் படிக்கலாம். இதற்கு அவன் அக்கா வைத்திருந்த பெயர் வெட்டி உத்தியோகம். அவள் கணவர், அவனுக்கு மாமா, மட்டும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். ஒரு ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு மொத்தமும் அவர் ஒருவர்தான். மச்சினன் செய்தது என்பதற்காகவே நோயாளிகளின் விவரம் முழுவதையும் அந்த சர்வரில் ஏற்றியிருந்தார்.

அதில்தான் ஓட்டை. பயனர் பெயர் கேட்கும் இடத்தில் அளவுக்கு மீறி நீளமாக எதையாவது கொட்டினால், சர்வர் திக்குமுக்காடிப்போய் பாஸ்வேர்டே கேட்காமல் திறந்துகொண்டது. இத்தனை வருடம் இது கண்ணில் படவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டான். சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து அடைத்தான். திருத்தம் என்னவோ கையகலம்தான்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. எல்லாரும் புதுப் பதிப்புக்கு மாறும்வரை ஓட்டையைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, வீட்டு மனிதர்களிடமும்தான். தமுக்கடித்தால் திருடன் முழித்துக்கொள்வானாம். அதனால் புதுப் பதிப்போடு போகிற குறிப்பை அவன் பார்த்துப் பார்த்து எழுதினான்: "உள்நுழைவுப் பகுதியில் சிறு ஒழுங்குபடுத்தல்." படிக்கிறவனுக்குக் கொட்டாவி வர வேண்டும், அப்படி ஒரு வாக்கியம். குழுவே மெச்சியது.

மாமா போன் செய்தார். இதைப் போடுவதென்றால் சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்தியாக வேண்டும், வார்டு, லேப், மருந்துப் பிரிவு எல்லாம் அப்படியே நின்றுவிடும், தலைமை டாக்டர் வள்ளென்று விழுவார் என்று புலம்பிவிட்டுக் கேட்டார்.

"அவசரமா தம்பி? நீ ஒரு வார்த்தை சொல்லு, சண்டை போட்டாவது நிறுத்திடறேன்."

நாக்கு நுனிவரை வந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாம். குழுவுக்குக் கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே, பாழாய்ப்போனது.

"போட்டா நல்லது மாமா" என்றான்.

நல்லது என்கிற சொல்லை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது? மாமா குறிப்பைக் கொண்டுபோய்க் காட்டினார். சிறு ஒழுங்குபடுத்தல்தானே, மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தலைமை டாக்டர் ஒதுக்கிவிட்டார்.

திருடன் குறிப்பையா படிப்பான்? பழைய நிரலையும் புது நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மாறியிருக்கிறது என்று பார்த்தான். அடைத்த இடமே ஓட்டையைக் காட்டிக் கொடுத்துவிட்டது. குறிப்பை நம்பியவர்கள் மாமாவைப் போன்றவர்கள் மட்டும்தான்.

மாதக் கடைசி வருவதற்குள் ஒருநாள் காலை ஆஸ்பத்திரியில் ஒரு விவரமும் திறக்கவில்லை. அந்த ஓட்டை வழியாகத் திருடன் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டிருந்தான். யாருக்கு எந்த மருந்து, யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நர்சுகள் கட்டில் கட்டிலாகக் கேட்டுக்கொண்டு போனார்கள். நினைவில்லாமல் கிடப்பவர்களிடம் என்ன கேட்பது? அப்படிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தே போய்விட்டது. அவள் பிழைக்கவில்லை. பழி முழுக்க மாமாவின் தலையில் விழுந்தது. வேலையை விட்டு அனுப்பினார்கள்.

அவன் அக்கா வீட்டுக்குப் போனபோது மாமா சட்டைகூட மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் போன் பண்ணினப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மாமா."

அவர் திட்டியிருந்தால் தேவலை. சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அக்காகிட்ட சொல்லிடாத. அவளுக்குப் பிறந்த வீடுன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்."

அந்த நல்ல மனசை அவனால் தாங்க முடியவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான்.

இனிமேலாவது உண்மையை எழுதுவோம் என்று குழுவில் மல்லுக்கு நின்றான். எழுதினால் அன்றைக்கே கத்துக்குட்டித் திருடனும் கிளம்பிவிடுவான், இன்னும் மாறாத ஆயிரம் ஆஸ்பத்திரிகள் போகும் என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. 

அடுத்த ஓட்டை வந்தபோது குறிப்பை அவனையே எழுதச் சொன்னார்கள். அது அவனுக்குத்தான் கைவந்த கலையாம். எழுதினான். "தேடுதல் பகுதியில் சிறு ஒழுங்குபடுத்தல்." அனுப்பிவிட்டுப் பழக்கதோஷத்தில் போனைப் பார்த்தான். அவசரமா என்று கேட்க இந்த முறை ஆஸ்பத்திரியில் மாமா இல்லை.