குழாயை மூடச் சொன்ன கதை

1

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: வீட்டுக்கு மூத்தவர், வெளிநாட்டில் ஒப்பந்த வேலை பார்த்துத் திரும்பிய அவர் தம்பி, தம்பி மகளுக்குப் பேசி வைத்திருக்கும் மாப்பிள்ளையின் அப்பா, விசாரித்து வரக் கம்பெனி அனுப்பிய ஆள். அடுக்களையில் தம்பி மனைவி. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். அவர்கள் வாய்க்குப் பூட்டு போடத்தான் இதை எழுத வேண்டி வந்தது.

எழுதுகிறவர் அந்த மூத்தவரேதான். குடும்ப விஷயத்தில் ‘நான்’ முந்திக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

2

முதல் தொடக்கம்: “தம்பி விடுப்பில் வந்திருந்தான், உடம்பு கல்லு மாதிரி…”

(அடித்தாயிற்று. தெருவுக்குச் சொன்ன அதே பொய்.)

இரண்டாவது: “கல் அறுக்கும் பட்டறையில் வாளுக்குத் தண்ணீர் விடாமல் அறுக்கச் சொன்னார்கள்.”

இது நிற்கட்டும். தண்ணீர் விட்டால் தூசு அடங்கும்; வேலை மெதுவாகும். முகமூடி கேட்டவனுக்குக் கைக்குட்டையைக் கொடுத்தார்கள். தூசு நுரையீரலில் படிந்து மூச்சு வாங்கியதும் விமானச்சீட்டைக் கையில் திணித்தார்கள். வைத்தியச் செலவும் இழப்பீடும் கேட்டு மனு போட்டிருந்தது.

ஆனால் இருமல் என்றாலே தொற்றுநோய் என்று சம்பந்தி வீடு மிரளும். அதனால் மூத்தவர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். இருமல் முட்டினால் தம்பி வாயில் துண்டை அமுக்கிக்கொள்வான். மனைவி குழாயைத் திறந்து வாளியில் சடசடவென்று தண்ணீர் விடுவாள். ‘அந்த வீட்டுல அப்படி என்னதான் கழுவுறாங்க?’ என்று தெரு கேட்டது.

3

கம்பெனி ஆள் போனை மேசைமேல் வைத்துப் பதிவை ஓடவிட்டார்.

“தெருவுல விசாரிச்சேன் ஐயா. லீவுல வந்தவரு, கல்லு மாதிரி இருக்காருன்னு சொல்றாங்க. அப்புறம் எதுக்கு இழப்பீடு?”

மாப்பிள்ளையின் அப்பா தம்பியைப் பார்த்துச் சிரித்தார். “நல்லாக் கேட்டீங்க போங்க! எங்க சம்பந்திக்கு என்ன குறை? என்ன சம்பந்தி, இழப்பீடுங்கறாரு?”

அந்தப் பொய்யை மூத்தவர்தான் தெருவில் விதைத்தார். அறுவடைக்குக் கம்பெனி வந்திருந்தது. தம்பிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. துண்டு வாய்க்குப் போனது. அடுக்களையில் குழாய் திறந்தது.

(இந்த இடத்தில் மூத்தவர்மேல் எழுதுகிறவருக்கே நம்பிக்கை இல்லை. யாருக்கும் தலை குனியாத மனுஷன் சட்டென்று… வேண்டாம். நடந்ததை எழுதுவோம்.)

“குழாயை மூடும்மா!”

“மாமா, அவருக்கு…”

“மூடுன்னா மூடு. டேய், துண்டை எடு. இருமு.”

இருமினான். கம்பெனி ஆள் பதிவை நிறுத்திய பிறகும் இருமினான். துண்டை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்தான்.

“கல்லுத் தூசு. தொத்துற வியாதி இல்ல,” என்றார் மூத்தவர், யார் முகத்தையும் பார்க்காமல்.

மாப்பிள்ளையின் அப்பா எழுந்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சம்பந்தி.”

4

முடிவு ஒன்று: பணம் வருகிறது, கல்யாணம் நிற்கிறது.

முடிவு இரண்டு: கல்யாணம் நடக்கிறது, பணம்…

இரண்டையும் கிழித்தாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா வாசலில் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தபடி நிற்கிறார். மறு காலை உங்களிடம் விட்டிருக்கிறது.

ஒன்றை மட்டும் உங்களிடம் விட முடியாது. இழப்பீட்டுக்காகத் தம்பிக்கு இருமக் கற்றுக்கொடுத்தது மூத்தவர்தான் என்று தெருவில் பேச்சு. பொய். அவர் கற்றுக்கொடுத்தது அடக்க.