கால்வாய்ப் பக்கத்துத் துளை

படகைச் சூடாக்கும் டீசல் ஹீட்டருக்குப் புகைக்குழாய் பதிப்பதில் என்னைக் குறை சொன்னவன், இந்தக் கால்வாயில் படகிலேயே குடியிருக்கிற எங்களில் ஒருவனும் இல்லை. துருப்பிடிக்காத எஃகுக் குழாய், இரண்டு முனையிலும் இறுக்கிய பட்டி, தண்ணீர் உள்ளே ஏறாதபடி மேலே தூக்கி இறக்கிய வளைவு, மரத்தில் சூடு படாமல் சுற்றிய வெப்பத் துணி. டங்கன் படகிலும் எல்லாம் அப்படித்தான் செய்தேன். துளை போட்ட பக்கம் மட்டும் தப்பு. தெரிந்தேதான் போட்டேன்.

டங்கன் எனக்கு முப்பது வருடச் சிநேகிதன். படகின் பெயர் மிராபெல். அந்தப் பெயரை ஒரு பக்கத்தில் தங்க எழுத்தில் எழுதிவைத்திருந்தான், சுற்றிலும் ரோஜாக்கள். அந்தப் பக்கம் கரையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இரண்டு மைல் போய்ப் படகைத் திருப்பிக்கொண்டு வந்து கட்டுகிற ஆள்.

"இந்தப் பக்கம் துளை போட்டா புகை மேல ஏறி எழுத்தெல்லாம் கறுத்துடும்டா. தண்ணிப் பக்கம் போடு" என்றான்.

"அந்தப் பக்கம் எவனாவது படகைச் சேர்த்துக் கட்டுனா? புகை நேரா அவன் படகுக்குள்ள போகும்டா."

"எவனாவது கட்டுனா நான் ஹீட்டரைப் போடல, போதுமா? வந்த வேலையைப் பாரு ஹெக்டர். உபதேசத்தை உன் பொண்டாட்டிகிட்ட வச்சுக்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "உன் படகு, எக்கேடோ கெட்டுப் போ" என்று சொல்லிவிட்டுத் துளை போட்டேன்.

ஜனவரியில் மதகைப் பழுதுபார்க்க மூடினார்கள். மேலே போக வழியில்லாமல் படகுகள் எல்லாம் ஹார்பரோ ஊர்த் துறையில் வந்து தேங்கின. நாங்கள் கடைசியாகப் போய்ச் சேர்ந்தோம், கரையில் ஒரு முழம்கூட இடம் இல்லை. என் மனைவி எனிடுக்கு நவம்பரிலிருந்து நெஞ்சுச் சளி. டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். இடம் இல்லாவிட்டால் ஏற்கெனவே கட்டியிருக்கும் படகோடு சேர்த்துக் கட்டிக்கொள்வது எங்கள் வழக்கம், யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. மிராபெலோடு கட்டினேன். நடுவில் ஒரு டயர் அகலம்தான் இடைவெளி. நான் போட்ட துளை எங்கள் படுக்கையறைக் காற்றுத்துளைக்கு நேர் எதிரே இருந்தது.

"ஹீட்டர் போடமாட்டேல்ல?" என்று கேட்டேன்.

"சொன்னது சொன்னதுதான்டா" என்றான்.

மூன்றாம் நாள் கால்வாய் உறைந்தது. காலையில் எனிட் தலைவலி என்றாள். சளிதான் காரணம் என்று நினைத்தேன். நான் அடுப்பை அணைத்துச் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தபோது விஷப்புகை அலாரம் அலறியது.

"அடிக்குதுன்னா என்னமோ இருக்கு, பாரு" என்றாள் எனிட்.

"அடுப்பே எரியல. நெருப்பு இல்லாத படகுல புகை எங்கேருந்து வரும்? பழசாயிடுச்சு, அதான் கத்துது. நீ படு."

"ஜன்னலையாவது திறந்து விடேன்."

"இந்தக் குளிர்லயா? உன் நெஞ்சு தாங்குமா?"

அலாரத்தைக் கழற்றிப் படகின் கூரைமேல் வைத்தேன். வெளிக்காற்றில் அது அடங்கிவிட்டது. பார்த்தாயா, கெட்டுப்போனதுதான் என்று அவளிடம் சொன்னேன். என் கெட்டிக்காரத்தனத்தில் இடி விழ. போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டுப் புது அலாரம் வாங்க ஊருக்குள் போனேன்.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவளுக்குப் பிடிக்குமே என்று, மாவுக்குள் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பண்டம் ஒன்றும் வாங்கினேன். வரும் வழியிலேயே அலாரத்தில் பேட்டரி போட்டுவிட்டேன், உள்ளே போனதும் மாட்டிவிடலாம் என்று. எனிட் அசந்து தூங்குவதாக நினைத்து, பூனை நடை நடந்து படுக்கையறைக்குள் போனேன். என் கையிலேயே அது வீறிட்டது. அவள் கண் திறக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், மூச்சு இல்லை. கன்னம் மட்டும், விஷப்புகை குடித்தவர்களுக்கு ஆவதுபோல, நல்ல சிவப்பாக இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன், பக்கத்தில் டங்கனின் ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.

"தாங்க முடியாத குளிர்டா. கொஞ்ச நேரம்தானேன்னு விடிஞ்சதும் போட்டேன். நீ ஊருக்குள்ள போறதைப் பார்த்து, ரெண்டு பேரும் போயிட்டீங்கன்னு நினைச்சு அணைக்காம விட்டுட்டேன்" என்று அழுதான். நான் அவன் சட்டையைப் பிடிக்கவில்லை. பிடிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

விசாரணைக்கு வந்தவர் குழாயைத் தட்டிப் பார்த்து, பதித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். வேலை சுத்தம், எங்கேயும் கசிவு இல்லை என்று எழுதிக்கொண்டார்.

மிராபெலின் தங்க எழுத்துகளில் இன்றுவரை ஒரு பொட்டுக் கரி இல்லை.